கோவைக்குக் கிழக்கேயும் கொங்கு நாடு இருக்குதுங்க

கோயம்புத்தூரைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் ரயிலில் இறங்கினாலும் சரி, விமானத்தில் இறங்கினாலும் சரி, வண்டியைத் திருப்புவது மலைப் பக்கம்தான். மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறினால் ஊட்டி. பேரூரைத் தாண்டினால் வெள்ளியங்கிரி அடிவாரத்தில் 2017இல் திறந்த 112 அடி ஆதியோகி, அந்தப் பக்கமே கோவைக் குற்றாலம். பொள்ளாச்சி ரோட்டைப் பிடித்தால் ஆழியாறு, டாப்சிலிப், வால்பாறை. நடுவில் மருதமலைக்கு ஒரு கும்பிடு. கோவையைச் சுற்றிப் பார்க்க வேண்டிய இடங்கள் என்று வருகிற பட்டியல் எதை எடுத்தாலும் இதே பெயர்கள்தான், வரிசை மட்டும் மாறும். கிழக்கே போகிற திருச்சி ரோட்டில் சூலூர், பல்லடம், காங்கேயம், வெள்ளகோவில் என்று ஊர்கள் இருப்பது, அந்த வழியாகக் கரூருக்கோ திருச்சிக்கோ போகிறவர்களுக்குப் பஸ் நிற்கும்போது தூக்கம் கலைந்தால் தெரியும். இதைக் குறையாகச் சொல்லி அழுவதற்காக இந்தப் பதிவு இல்லை. சொல்ல வருவது வேறு. மலைப் பக்கம் இருப்பது கொங்கு நாட்டின் அழகு. கொங்கு நாடு ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்டால் அதற்குப் பதில் கிழக்கே, மழை ஏமாற்றுகிற பக்கத்தில் இருக்கிறது. அழகை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர் கொங்கு நாட்டில் பாதியைக்கூடப் பார்த்தவர் ஆகமாட்டார்.

கூட்டத்துக்குப் பயந்து கிழக்கே வாருங்கள் என்று சொன்னால் அதுவும் ஒரு வாதம்தான், ஆனால் மட்டமான வாதம். ஊட்டிக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. அடுத்த ஆண்டு கோடையில் வாரநாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று உயர் நீதிமன்றமே கணக்கு வைத்தது. வெனிஸ் நகரம் அதே 2024 ஏப்ரலில், பகலில் வந்து பகலிலேயே திரும்புகிறவர்களிடம் குறிப்பிட்ட நாட்களில் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. ஐரோப்பாவில் இதற்கெல்லாம் மாற்றாகப் பயண எழுத்தாளர்கள் ஒன்று செய்கிறார்கள்: யாருக்கும் தெரியாத பத்து இடங்கள் என்று புதிதாக ஒரு பட்டியல் போடுவார்கள். நம்மூர் யூடியூபர்களும் அதையே செய்கிறார்கள். ஆறு மாதத்தில் அந்த இடமும் செல்பி எடுக்கும் இடமாகிவிடும். பழைய பட்டியலுக்குப் பதில் புதிய பட்டியல், அவ்வளவுதான். நான் கேட்பது இடத்தை மாற்றச் சொல்லி அல்ல, கேள்வியை மாற்றச் சொல்லி. இங்கே என்ன அழகாக இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு காங்கேயத்துக்கு வந்தால் ஏமாந்துதான் போவீர்கள். இங்கே இருக்கிறவர்கள் எதை வைத்துப் பிழைத்தார்கள் என்று கேட்டுக்கொண்டு வந்தால், ஒரு நாள் போதாது.

மழையிலிருந்து தொடங்கலாம். தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவருகிற மழையை மேற்குத் தொடர்ச்சி மலை தன் தலையிலேயே வாங்கிக்கொள்கிறது. வால்பாறைக்கு அருகே சின்னக்கல்லார் தமிழ்நாட்டிலேயே மிக அதிகமாக மழை பெய்கிற இடங்களில் ஒன்று. அங்கிருந்து கிழக்கே இறங்கி வந்தால் காங்கேயம் சுற்றுவட்டாரத்துக்கு ஆண்டு முழுவதும் கிடைப்பது சுமார் 600 மில்லிமீட்டர். அதுவும் ஐப்பசி, கார்த்திகையில் வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஆனி ஆடியில் மேகம் தலைக்கு மேலே ஓடும், காற்று ஆளைத் தள்ளும், தூறல்கூட விழாது. சினிமாவில் பார்த்த கொங்கு நாடு இது இல்லை. தேவர் மகன் தொடங்கி எத்தனையோ படங்களுக்கு வயலும் வாய்க்காலும் தென்னந்தோப்பும் கொடுத்தது பொள்ளாச்சி. அந்தப் பசுமை உண்மைதான். ஆனால் இந்தச் சீமையின் பெரும்பகுதி மேட்டுக்காடு. மானாவாரியாகச் சோளமும் கம்பும் கொள்ளும் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்த பூமி.

இந்த வறட்சிக்கு இங்கிருந்தவர்கள் கண்டுபிடித்த பதில்களில் முதலாவது கொறங்காடு. சாலையிலிருந்து பார்த்தால் புதர் மண்டிய சும்மாக் கிடக்கும் நிலம் என்றுதான் தோன்றும். இறங்கிப் போய்ப் பாருங்கள். சுற்றிலும் கிளுவை வேலி. போத்தை வெட்டி நட்டால் வேர்பிடித்துக்கொள்ளும் முள்மரம் அது. வெட்ட வெட்ட அடர்த்தியாகும், ஆடுகூட நுழைய முடியாது. உள்ளே நெடுகிலும் கொழுக்கட்டைப் புல். மழை பெய்தால் பச்சையாக எழும்பும், காய்ந்தால் நின்ற இடத்திலேயே உலர்ந்து தீவனமாக நிற்கும், அடுத்த மழைக்கு அதே தூரிலிருந்து மறுபடி தழையும். இடையிடையே வெள்வேல மரங்கள். புல் தீர்ந்துபோகிற கோடையில் காய் உதிர்த்து ஆட்டுக்குத் தீனி போடும், மாட்டுக்கு நிழல் கொடுக்கும். வேலிக்கு ஒன்று, மேய்ச்சலுக்கு ஒன்று, நிழலுக்கும் பஞ்சகாலத் தீனிக்கும் ஒன்று. ஒருவருடைய நிலத்தையே இப்படிப் பல காடுகளாகத் தடுத்து, ஒன்றில் மேய்த்து முடித்துவிட்டு அதைச் சும்மா போட்டு அடுத்ததில் விடுவார்கள். வாசலில் ஒரு படல். அதைச் சாத்திவிட்டால் மேய்ப்பதற்கு ஆள் வேண்டாம், மாடு இரவும் பகலும் உள்ளேயே கிடக்கும். தண்ணீர், கூலி, வைக்கோல் மூன்றையும் மிச்சம் பிடிக்கிற ஏற்பாடு இது. பாசனமே இல்லாத ஒரு நிலத்தில் கால்நடைக்காக மனிதன் கட்டிய காடு. ஆல்ப்ஸ் மலைப் புல்வெளியைப் பார்க்கக் காசு செலவழித்துப் போகிறவர்கள், அதே அளவு யோசித்துச் செய்த ஒரு மேய்ச்சல் முறையை எண்பது கிலோமீட்டர் வேகத்தில் கடந்து போகிறார்கள் என்பதுதான் எனக்கு உறுத்தல்.

காங்கேயம் மாடு இந்தக் காட்டின் விளைச்சல். கன்று பிறக்கும்போது செவலையாக இருக்கும், ஆறு மாதத்துக்குள் நிறம் மாறத் தொடங்கிச் சாம்பலுக்குப் போகும். காளைக்குத் திமிலும் முன்னங்காலும் பின்தொடையும் கறுக்கும். மயிலை, பிள்ளை, செவலை, காரி என்று நிறத்தை வைத்தே மாட்டைச் சொல்வது இங்கே இன்றும் சந்தைப் பேச்சு. 2017 சல்லிக்கட்டுப் போராட்டத்தில் பனியனிலும் சுவரொட்டியிலும் காங்கேயம் காளைதான் நின்றது. ஆனால் வாடிவாசல் மாடு என்றால் பெரும்பாலும் புலிக்குளம் பக்கத்து மாடுகள். காங்கேயம் காளை உழைப்புக்கு வளர்த்த காளை. ஏருக்கு, பாரவண்டிக்கு, எல்லாவற்றுக்கும் மேலாகக் கிணற்றில் கவலை இறைக்க. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் இந்த இனத்தைத் தேர்ந்து வளர்த்த கதை கால்நடைத் துறைப் புத்தகங்களில் ஏறியிருக்கிறது. இன்றைக்கும் பழையகோட்டையில் ஞாயிற்றுக்கிழமை காங்கேயம் மாடுகளுக்கென்றே சந்தை கூடுகிறது. சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் தேரையொட்டி பெரிய மாட்டுச் சந்தை. அங்கே நின்று, பல்லைப் பிடித்து வயது பார்ப்பதையும் சுழி பார்ப்பதையும் விலை ஏறி இறங்குவதையும் கவனிப்பதற்கு நுழைவுச் சீட்டு கிடையாது.

மாட்டிலிருந்து மோட்டாருக்கு ஒரே எட்டுதான் என்று சொன்னால் நம்புவீர்களா? ஆற்றுப் பாசனம் இல்லாத சீமையில் கிணறுதான் கதி. கொங்குக் கிணறு பாறையை உடைத்து இறங்குகிற ஆழக் கிணறு. அதிலிருந்து தண்ணீரைத் தோல்பறியில் மேலே கொண்டுவர இரண்டு எருது சரிவில் இறங்கி, பின்னுக்கு ஏறி, மறுபடி இறங்க வேண்டும்; விடியற்காலை தொடங்கி இதேதான். அந்தப் பறியைத் தைத்துக் கொடுத்தவர்கள், கவலை ஓட்டியவர்களில் பலர், அருந்ததியர். கிணற்றுத் தண்ணீரில் விளைந்தது கம்போடியா பருத்தி, அது போய்ச் சேர்ந்தது கோவை மில்லுக்கு. 1888இல் ஸ்டேன்ஸ் ஆரம்பித்த நூற்பாலையைத் தொடர்ந்து மில்கள் பெருகின. 1932இல் பைக்காரா மின்சாரம் வந்ததும் கிராமத்துக் கிணறு ஒன்றுவிடாமல் பம்பு கேட்டது. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் கோவையிலேயே மின்மோட்டார் செய்தார்கள். பம்புசெட் என்றால் கோவை என்று ஆனதற்கு, வாங்குவதற்குப் பக்கத்திலேயே லட்சக்கணக்கான ஆழக் கிணறுகள் இருந்ததுதான் காரணம். தண்ணீர் கைக்கெட்டுகிற ஆழத்தில் கிடைக்கும் தஞ்சாவூரில் பம்புத் தொழில் ஏன் பிறக்கவில்லை என்று கேட்டுப் பார்த்தால் இது புரியும். கோவையின் தொழிற்சாலைகளுக்குக் காரணம் கோவையின் சுகமான காற்று என்று சுற்றுலாக் கையேடு எழுதும். காரணம் எண்பது அடிக்குக் கீழே போய்விட்ட தண்ணீர்.

இங்கே ஒருவர் குறுக்கே வந்து சரியான கேள்வி கேட்பார். வறட்சிதான் ஊரை வளர்த்தது என்றால் ராமநாதபுரம் ஏன் திருப்பூர் ஆகவில்லை? நியாயம். வறட்சி மட்டும் போதாது. மேற்குத் தொடர்ச்சி மலை நெடுகிலும் சுவர்மாதிரி நிற்கிறது. அதில் பெரிதாக வாய் பிளந்த ஒரே இடம் பாலக்காட்டுக் கணவாய், ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலம். மேற்குக் கடற்கரைத் துறைமுகங்களிலிருந்து சரக்கு உள்நாட்டுக்கு வருவதற்கு இதைவிட எளிய வழி கிடையாது. அந்தக் காலத்தில் அப்படியொரு துறைமுகமான முசிறியில் இறங்கியவன் கணவாய்க்குள் நுழைந்து, வெள்ளலூர் வழியாக நொய்யல் ஆற்றைப் பிடித்துக் கிழக்கே நடந்தால் காவிரி ஓரத்துக்கே வந்துவிடலாம், அங்கிருந்து சேரர் காசும் ரோமக் காசும் அமராவதி மணலில் அகப்படுகிற கரூர் கூப்பிடு தூரம். இது ஊகமில்லை, மண்ணுக்குள் சாட்சி இருக்கிறது. 1842இல் வெள்ளலூரில் ஒரே இடத்தில் ஐந்நூறுக்கு மேல் ரோம வெள்ளிக் காசுகள் கிடைத்தன. 1913இல் நொய்யல் ஓரத்துக் கத்தாங்கண்ணியில் இருநூறுக்கு மேல். வறண்ட நிலம், அதன் நடுவே பெருவழி, வழியோரத்தில் விற்பதற்குக் கல்லும் இரும்பும்: மூன்றும் சேர்ந்த இடம் இது. விவசாயத்தை நம்பி மட்டும் வாழ முடியாதவனுக்கு வாசலிலேயே சந்தை போனது. ராமநாதபுரத்துக்காரர்கள் கடல் வழியாக இதையே செய்தார்கள், கீழக்கரை முத்தும் சங்கும் அதற்குச் சாட்சி. அது தனிக் கதை.

கொடுமணல் இந்த மூன்றும் ஒன்றுகூடிய புள்ளி. ஈரோடு மாவட்டம், நொய்யலின் வடகரை. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வருகிற ஊர் இதுதான் என்று அறிஞர்கள் அடையாளம் கண்டார்கள். 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் எ. சுப்பராயலு, கா. ராஜன் போன்றவர்கள் அகழ்ந்தார்கள், பிறகு புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் தமிழகத் தொல்லியல் துறையும் தோண்டின. இரும்பு உருக்கிய உலைகள் கிடைத்தன. நூற்றுக்கணக்கான பானை ஓடுகளில் தமிழ் எழுத்தில் ஆட்பெயர்கள். பாதி செதுக்கிய மணி, துளை போடும்போது உடைந்த மணி, மெருகேற்றி முடித்த மணி என்று ஒரு பட்டறையின் மொத்த வேலையும் மண்ணுக்குள் கிடந்தது. பெரிலும் படிகமும் உள்ளூர்க் கல். சூதுபவளத்துக்கான கல் குஜராத் பக்கத்திலிருந்து வந்தது, லாபிஸ் என்கிற நீலக்கல் ஆப்கானிஸ்தானத்திலிருந்து. வெளியூர்க் கல்லை இங்கே கொண்டுவந்து, இங்கே அறுத்து, மணியாக்கி மறுபடி வெளியூருக்கே அனுப்பியிருக்கிறார்கள். அமெரிக்கப் பருத்தியையும் குஜராத் பருத்தியையும் நூலாக்கி, பின்னலாக்கி, தைத்து ஏற்றுமதி செய்கிற இன்றைய திருப்பூருக்கும் இதற்கும் நடுவில் இரண்டாயிரம் ஆண்டு இடைவெளி இருக்கிறதே தவிர வேலையின் குணம் ஒன்றுதான். இரண்டுக்கும் இடையே அறுபடாத தொடர்ச்சி இருந்தது என்று நான் சொல்லவில்லை. ஒரே நிலம் ஒரேமாதிரி நெருக்கியபோது மனிதர்கள் ஒரேமாதிரி பதில் சொன்னார்கள் என்கிறேன்.

பெரில் கல் எங்கிருந்து வந்தது? காங்கேயத்திலிருந்து திருப்பூர் போகிற வழியில் படியூர். அங்கே பழைய பெரில் சுரங்கம் இருந்தது புவியியல் ஆவணங்களில் பதிவான விஷயம். இந்தியப் பெரிலைப் பற்றி ரோமாபுரியில் உட்கார்ந்து பிளினி எழுதினார். சிவன்மலையில் முருகனைப் பார்க்கப் படியேறுகிறவர்கள் காலடியில் இருக்கிற பாறையைப் பார்ப்பதில்லை. 1901இல் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் அந்தப் பாறை வகையை விரிவாக விவரித்து, சிவன்மலைத் தொடர் என்று இந்த மலையின் பெயரையே வைத்தார். குருந்தம் விளைகிற பாறை அது. நீலமும் மாணிக்கமும் குருந்தத்தின் வகைகள்தான். சிவன்மலை என்றால் இப்போது செய்தியில் வருவது ஆண்டவன் உத்தரவுப் பெட்டி. பக்தர் ஒருவர் கனவில் வந்ததாகச் சொல்லுகிற பொருளை, சாமியிடம் பூக்கேட்டு உத்தரவு கிடைத்தால் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள். மண் வைத்தால் நிலம் விலை ஏறும், தண்ணீர் வைத்தால் வெள்ளம் வரும் என்று டீக்கடையில் பொருள் சொல்லுவார்கள். சொல்வது பலிக்கிறதா என்பதைவிட, ஒரு வட்டாரம் தன் கவலைகளை வரிசையாக ஒரு பெட்டிக்குள் வைத்துப் பார்க்கிறது என்பதே எனக்குச் சுவாரசியம். ஈரோடு ரோட்டில் அறச்சலூர் மலையில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. தமிழ் எழுத்துகளைத் தாளக்கட்டாக வரிசைப்படுத்திச் செதுக்கியது. இசைக் கல்வெட்டு என்பார்கள். அதைச் செய்தவர் தன்னை மணி மாற்றுப் பார்க்கிற வண்ணக்கன் என்று எழுதி வைத்திருக்கிறார். ரத்தினம் நோட்டம் பார்க்கிறவர் தாளக்கட்டு எழுதியிருக்கிறார் பாருங்கள். படியூர், சிவன்மலை, கொடுமணல், அறச்சலூர் நான்கையும் ஒரே நாளில் ஒரு காரில் சுற்றிவிடலாம், ஆனால் நான்கும் ஒரே கதை என்று சொல்ல வழியில் ஒரு பலகை கிடையாது.

இப்போது வெயிலையே சரக்காக்கிய கதைக்கு வருகிறேன். காங்கேயத்தில் பெரிதாகத் தென்னை கிடையாது, நெல்லும் கிடையாது. ஆனால் தமிழ்நாட்டின் தேங்காய் எண்ணெய்க்கு இந்த ஊர்தான் தலைமையிடம், அரிசி ஆலைகளும் வரிசையாக நிற்கின்றன. பொள்ளாச்சியிலிருந்தும் கேரளத்திலிருந்தும் பட்டுக்கோட்டைப் பக்கமிருந்தும் லாரி லாரியாகத் தேங்காய் இங்கே வருவது ஏன்? மழை இல்லாததால்தான். கேரளத்தில் விளையும், ஆனால் காய வைக்க முடியாது. ஈரத்தில் பூசணம் பிடித்துவிடும். இங்கே சிமென்ட் களத்தில் தேங்காயை இரண்டாக உடைத்துக் கவிழ்க்காமல் பரப்பிவிட்டால் வெயில் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். இரண்டொரு நாளில் பருப்பு சுருங்கித் தொட்டியிலிருந்து, அதாவது சிரட்டையிலிருந்து, விட்டுக்கொடுக்கும். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஒரு நெம்பில் அதைக் கழற்றி ஒரு குவியல், தொட்டி ஒரு குவியல் என்று பிரித்துக்கொண்டே போவார்கள்; பேச்சு நிற்காது, கையும் நிற்காது. பருப்பு மறுபடி களத்துக்குப் போய்க் காய்ந்து, ரகம் பிரிந்து ஆலைக்குப் போகிறது. தொட்டி கரியாகி ஏற்றுமதிக்குப் போகிறது. காலையில் ஒரு களத்தின் ஓரத்தில் நின்று பார்த்தால் ஏக்கர் கணக்கில் வெள்ளைக் கிண்ணங்கள் வானத்தைப் பார்த்துக் கிடக்கும். மேகம் கூடினால் எல்லாரும் தார்ப்பாயோடு ஓடுவார்கள். ஊர் முழுக்க மழைக்கு ஏங்க, இந்த ஒரு தொழில் மட்டும் மழைக்குப் பயப்படும். பல்லடத்துக் கறிக்கோழிப் பண்ணையும் இதே கணக்கில் வந்ததுதான். வெள்ளாமைக்குத் தண்ணீர் போதாத காட்டில் கொட்டகை போட்டால் கோழி வளரும். இன்றைக்குத் தமிழ்நாட்டுக் கறிக்கோழிப் பண்ணை விலை பல்லடத்தில் நிர்ணயமாகிறது.

சரி, இதில் பார்க்க என்னங்க இருக்கு என்பது அடுத்த கேள்வி. ஒப்புக்கொள்கிறேன்: கொடுமணலில் கண்ணுக்குத் தெரிவது காடும் சில கல்திட்டைகளும்தான். தோண்டிய குழிகளை மூடிவிட்டார்கள், மூடத்தான் வேண்டும். படியூரில் சுரங்கம் இருந்த இடத்தை நீங்களாகக் கண்டுபிடிக்க முடியாது. கீழடிக்கு அமைந்ததுபோல அந்தந்த இடத்தில் ஒரு அருங்காட்சியகம் இருந்தால் பாதிச் சிரமம் குறையும், அதைக் கேட்பது நியாயமான கோரிக்கை. ஆனால் பார்க்க ஒன்றுமில்லை என்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ரோமாபுரி போரத்தில் நிற்பதும் உடைந்த தூண்கள்தான். அதைப் பற்றிப் படித்துவிட்டுப் போகிறவனுக்கு அது ரோமாபுரி, படிக்காதவனுக்குக் கல்குவியல். கொடுமணலுக்கும் அதே விதி. கிளம்புவதற்கு முன் கா. ராஜன் எழுதியதில் கொஞ்சம் படித்துவிட்டு வாருங்கள். மலையில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு இயற்கையை ரசிப்பதற்குப் படிப்பு வேண்டாம் என்பதால்தான் எல்லோரும் மலைக்குப் போகிறார்கள் என்று நான் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள், ஆனாலும் சொல்கிறேன்.

இன்னொரு கூட்டம் எதிர்ப்பக்கத்திலிருந்து வரும். நீங்கள் காளையையும் கிளுவையையும் பாடுகிறீர்கள், இந்த மண்ணின் கசப்பைக் காட்டுவீர்களா என்று கேட்கும். காட்ட வேண்டும். கொடுமணலிலிருந்து நொய்யலோடு கொஞ்ச தூரம் கிழக்கே போனால் ஒரத்துப்பாளையம் அணை. பாசனத்துக்கென்று கட்டி 1992இல் முடித்தார்கள். திருப்பூர்ச் சாயக் கழிவு வந்து தேங்கி, அந்தத் தண்ணீரை வயலுக்கு விடக்கூடாது என்று விவசாயிகளே நீதிமன்றம் போகிற நிலை வந்தது. நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் சங்கத்தின் வழக்கில்தான் 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடச்சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது; கழிவு ஒரு சொட்டும் வெளியே போகாத சுத்திகரிப்பு என்ற நிபந்தனை அதன்பிறகு இறுகியது. தொட்டிக்கரி ஆலைகள் கிணற்றுத் தண்ணீரைக் கெடுக்கின்றன என்று காங்கேயம், பல்லடம் பக்கத்துக் கிராமங்கள் புகார் சொல்கின்றன. கொறங்காடு பல இடங்களில் மனைப்பிரிவாகிறது. காங்கேயம் மாட்டைப் பட்டக்காரர் பெயரோடு சொல்கிற நாம், அந்த மாட்டை நாள் முழுக்க ஓட்டியவர்களின் பெயரை ஒருபோதும் சொல்வதில்லை. கவலை போய் மோட்டார் வந்தபோது பண்ணையம் பார்த்தவனுக்கு மிச்சம் என்ன கிடைத்தது என்று கொங்கு வரலாறு எழுதுகிறவர்களில் சிலர்தான் கேட்டிருக்கிறார்கள். எண்ணெய் ஆலையில் இன்று மூட்டை தூக்குகிறவர்கள் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். இவையெல்லாம் கிழக்கே வந்தால்தான் கண்ணில் படும் என்பதே என் பதில். மலைக் காட்சிமுனையில் நிற்கிறவனுக்குத் தேயிலை பறிக்கிறவளின் கூலி தெரியாது. களத்துக்குள் காலெடுத்து வைக்கிறவனுக்குக் கூலியும் வெயிலும் சேர்ந்தேதான் தெரியும்.

கடைசியாக ஒரு பயம். நீங்கள் எல்லாம் இப்படி எழுதப்போய்க் காங்கேயமும் ஊட்டிமாதிரி நசுங்கிவிட்டால்? அப்படி ஒரு ஆபத்து எனக்குத் தெரிந்து இல்லை. ஏப்ரல் வெயில் பார்த்துக்கொள்ளும். அதைவிட, உழைக்கிற இடத்துக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. மாட்டுச் சந்தை மாட்டு வியாபாரிக்காகக் கூடுகிறது. நூறு பேர் போனில் படம் எடுத்தால் இடைஞ்சல்தான், ஆனால் அவர்களுக்காகச் சந்தை தன்னை மாற்றிக்கொள்ளாது. சுற்றுலாவுக்காகவே நிற்கிற இடம்தான் சுற்றுலாவால் அழியும். ஒரத்துப்பாளையத்தைக் கெடுத்தது எந்தச் சுற்றுலாப் பயணியும் இல்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

வர நினைக்கிறவர்களுக்குச் சில தகவல்கள். கோவை சிங்காநல்லூரில் திருச்சி, கரூர் பஸ் எது ஏறினாலும் காங்கேயத்தில் இறங்கலாம். திருப்பூரிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் அடிக்கடி பஸ் உண்டு. ஈரோட்டுப் பஸ் அறச்சலூர் வழியாகத்தான் வரும். கார்த்திகை மழைக்குப் பிறகு மாசி வரை நல்ல காலம், கொறங்காட்டில் புல் இருக்கும், வெயிலும் தாங்கும். பழையகோட்டைக்கு ஞாயிறு காலையில் போய்விடுங்கள். கொடுமணலுக்குச் சென்னிமலை வழியாகவோ ஊத்துக்குளி வழியாகவோ போகலாம். ஊத்துக்குளியில் இறங்குகிறவர்கள் வெண்ணெய் வாங்காமல் திரும்புவதில்லை. களத்துக்குள் போகும்முன் மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், யாரும் மறுக்கமாட்டார்கள். கொறங்காட்டுப் படலைத் திறந்தால் திரும்பச் சாத்திவிட்டு வாருங்கள், இல்லாவிட்டால் மாடு அடுத்தவர் வெள்ளாமையில் நிற்கும். கொடுமணல் காட்டில் மழை பெய்து மண் கரைந்தால் ஓட்டுச்சில்லும் மணியும் மேலாகவே தெரியும். பார்த்துவிட்டு, கையில் எடுத்திருந்தாலும், எடுத்த இடத்திலேயே போட்டுவிட்டு வாருங்கள். அங்கே இன்னும் தோண்டாத நிலம் நிறைய இருக்கிறது.